பழைய வீட்டத் திருத்த அரசாங்கம் காசு தருமா? ஒரு எளிய விளக்கம்

திருகோணமலை டவுனுக்குள்ள பழைய வீடுகள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு, பீலி ஓடு, முன் விறாந்தை, மரத்தூண், முருகைக்கல்லு வச்சுக் கட்டின தடிச்ச சுவர் எண்டு. அப்பிடி வீடு வச்சிருக்கிற ஆக்கள் கேக்கிறது ஒரே கேள்விதான், இது இவ்வளவு பழசு எண்டா அரசாங்கம் திருத்தித் தராதா எண்டு. அனேகமாத் தராது. ஏன் தராது, ஆருக்குத் தருது, வேற நாடுகளில எப்பிடிக் குடுக்கிறாங்க எண்டதத்தான் இங்க சொல்லப்போறன், சட்டம் படிச்ச ஆக்களுக்கு இது தெரிஞ்ச விஷயம், அவங்க வாசிக்கத் தேவையில்ல.

பொதுக்காசு எண்டா உடன எங்களுக்கு ஞாபகம் வாறது பட்ஜெட். ஆனா உலகத்தில பழைய கட்டிடங்களுக்குப் போற காசில வரிக்காசு ஒரு பங்குதான். டிக்கெட் வித்த காசு இருக்கு, லொத்தர் காசு இருக்கு, வேற நாட்டுச் சனத்திட வரிக்காசு நன்கொடையா வாறது இருக்கு, அரசாங்கம் வாங்காம விடுற வரி இருக்கு, குறைஞ்ச வட்டி லோன் இருக்கு. ஒவ்வொரு காசுக்கும் பின்னால ஒரு கண்டிஷன் இருக்கும். காசு எவ்வளவு எண்டதப் பாக்கிறதுக்கு முந்தி அது ஒரு தரம் வந்து போற காசா, வருஷா வருஷம் வாற காசா எண்டதப் பாக்கோணும், என்னக் கேட்டா முழு விஷயமும் அதிலதான் தங்கியிருக்கு.

முதல்ல சட்டத்தப் பாப்பம். இலங்கையில இதுக்கு அடிப்படை 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1998இல அதத் திருத்தினவங்க. அதில ஒரு தேதி வருது, 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள். அதுக்கு முந்தின கட்டிடம் எண்டா சட்டம் அதப் புராதன சின்னமா எடுத்துக்கொள்ளும். அதுக்குப் பிந்தினது எண்டா ஆகக் குறைஞ்சது நூறு வருஷம் ஆகியிருக்கோணும், அதோட அமைச்சர் வர்த்தமானியில, அதாவது அரசாங்க கெசட்டில, அறிவிக்கோணும். கட்டிடம் தனியார் காணியில இருந்தாலும் பாதுகாக்கப்பட்ட சின்னம் எண்டு அறிவிக்க ஏலும். அறிவிச்சா என்ன நடக்கும்? காணி உறுதி உங்கட பேரிலதான் இருக்கும், வீடு உங்கடதான், ஆனா இடிக்கிறதோ திருத்துறதோ கூட்டிக் கட்டுறதோ தொல்பொருள் திணைக்களத்திட அனுமதி இல்லாமச் செய்யேலாது. கனபேர் பிழையா விளங்கிக்கொள்ளுற இடம் இதுதான், வர்த்தமானியில வந்தா காசும் பின்னால வரும் எண்டு நினைக்கிறாங்க. வர்த்தமானி குடுக்கிறது பாதுகாப்பு, அதோட ஓனருக்குக் கட்டுப்பாடு. காசுக்கு வேற பாதையில போகோணும், அந்தப் பாதை தனியாருக்கு எங்கட நாட்டில சரியான ஒடுக்கம்.

அரசாங்கக் காணியில இருக்கிற கட்டிடத்துக்குக் கதை வேற. எங்கட ஊர்ல பெரிய உதாரணம் பிரட்றிக் கோட்டை. கோணேசர் கோயில இடிச்சுப்போட்டு 1624இல போர்த்துக்கேயன் கட்டினது, 1639இல ஒல்லாந்தன் பிடிச்சான், 1795இல இங்கிலீஷ்காரன்ட கைக்குப் போச்சு, 1803இலதான் இந்தப் பேர் வந்தது. வாசல்ல பாண்டியன்ட ரெட்டைக் கயல் சின்னத்தோட "முன்னே குளக்கோட்டன்" எண்டு தொடங்குற கல்வெட்டுத் துண்டு இருக்கு, கோயிலுக்குப் போற சனத்தில பாதிப்பேர் அத அண்ணாந்து பாக்கிறதே இல்ல, மான் பாக்கத்தான் நிக்கிறாங்க. இது 1815க்கு முந்தினது, காணி அரசாங்கத்திட, அதால சட்டப்பொறுப்பும் செலவும் அரசாங்கத்தில விழுது. ஆனா உள்ளுக்க ஆமி இருக்கு, தொல்பொருள் திணைக்களத்துக்கும் பொறுப்பிருக்கு, கோயிலுக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ வாகனம் அந்தப் பழைய வாசலுக்குள்ளால போய் வருது. சொத்து ஒண்டு, பாவிக்கிற ஆக்கள் மூண்டு. பொறுப்பு இப்பிடிப் பிரிஞ்சு கிடக்கிற இடத்தில காசு இருந்தாலும் வேலை மெதுவாத்தான் போகும், இது கோட்டைக்கு மட்டும் உள்ள வருத்தமும் இல்ல.

தொல்பொருள் திணைக்களம் 1890இல தொடங்கினது, பழைய நிறுவனம்தான், ஆனா நாடு முழுக்க இருக்கிற இடங்கள அது பாக்கோணும், திறைசேரி குடுக்கிற காசுக்குள்ள சம்பளம், வாகனம், காவல் எல்லாம் போகோணும். 2022இல பெற்றோல் கியூவில நிண்ட நாங்க திறைசேரியிட நிலமையப் பத்திப் புதுசா ஒண்டும் சொல்லத் தேவையில்ல.

டிக்கெட் காசுக்கு வருவம். 1980ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தால மத்திய கலாசார நிதியம் எண்டு ஒண்டு உண்டாக்கினாங்க. சிகிரியா, பொலநறுவை மாதிரி இடங்களில வெளிநாட்டுக்காரரிட்ட எடுக்கிற டிக்கெட் காசு அங்க போகுது, சிகிரியாவுக்கு ஒரு வெள்ளைக்காரன் 30 டொலருக்குக் குறையாமக் குடுத்துத்தான் ஏறுறான். அந்தக் காசிலதான் அகழ்வு, மியூசியம், திருத்தவேலை, தொழிலாளர் சம்பளம் எல்லாம் நடக்குது. ஐடியா நல்லம், பட்ஜெட்ட எதிர்பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்ல. ஆனா இதில ரெண்டு ஓட்டை. ஒண்டு, சனம் வராட்டி காசும் வராது, 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, பிறகு டொலர் பிரச்சினை எண்டு டூரிஸ்ட் வரவு விழுந்து கிடந்த காலத்தில டிக்கெட்ட நம்பின எல்லாத்துக்கும் அடி. மற்றது, டிக்கெட் விக்கிற இடத்துக்குத்தான் மவுசு. கோணேசருக்குப் போறவன் செருப்பக் கழட்டிப்போட்டுப் போறான், ஆரும் டிக்கெட் கேக்கிறதில்ல, கேக்கவும் கூடாது, அது கோயில். டவுன்ல இருக்கிற பழைய வீட்டுக்கு ஆர் டிக்கெட் வாங்குவான்? டிக்கெட் மொடல் பெரிய பேர் எடுத்த, வேலி போடக்கூடிய இடத்துக்கு மட்டும்தான் சரிவரும், ஒரு தெருவக் காப்பாத்த அதால ஏலாது.

அடுத்தது வெளிநாட்டுக் காசு, இதுதான் எங்கட பக்கம் கண்ணுக்குத் தெரியிற மாதிரி வந்தது. யாழ்ப்பாணக் கோட்டையத் திருத்த நெதர்லாந்து காசு தந்தது. திருக்கேதீச்சரத் திருப்பணிக்கு இந்திய அரசாங்கம் குடுத்தது, இந்தியத் தொல்லியல் துறை ஆக்களும் வந்து வேலை செய்தாங்க. அம்பாறைப் பக்கம் ராஜகல எண்ட பழைய பௌத்த மடாலய இடத்துக்கு அமெரிக்கத் தூதரகத்திட கலாசாரப் பாதுகாப்பு நிதி வந்தது, 2001இல அமெரிக்கக் கொங்கிரஸ் தொடக்கின திட்டம் அது, நாடு நாடாக் குடுக்கிறாங்க.

ஏன் இன்னொரு நாடு எங்கட சுவருக்குச் செலவழிக்குது எண்டு கேட்டா, நெதர்லாந்துக்கு அது தன்ட சரித்திரம், இந்தியாவுக்கு அது அயல் உறவு, அமெரிக்காவுக்கு நல்ல பேர். அதில பிழை ஒண்டும் இல்ல, காசு குடுக்கிறவனுக்கு ஒரு காரணம் இருக்கத்தான் செய்யும். ஆனா காரணத்தப் பொறுத்துத்தான் கட்டிடமும் தெரிவாகும், ஒல்லாந்தக் கோட்டைக்குக் கேக்க ஒரு ஆள் இருக்கு, 1890இல ஒரு தமிழ் வியாபாரி கட்டின வீட்டுக்கு எந்தத் தூதரகம் வரும்? அதோட இது எல்லாம் புரொஜெக்ட் காசு. தொடங்கின திகதி, முடியிற திகதி, ரிப்பன் வெட்டு, போர்ட் ஒண்டு. முடிஞ்ச அடுத்த மாரியில கூரைக்கு மேல அரச மரக் கண்டு முளைச்சா அதப் பிடுங்க ஒரு ஆளுக்குச் சம்பளம் அந்த புரொஜெக்ட்டில இல்ல.

வருஷா வருஷம் வாற காசு எண்டா என்ன எண்டு பாக்க விரும்பினா நிலாவெளி ரோட்டில போய்ப் பாருங்க, யுத்தக் கல்லறை எண்டு நாங்க சொல்லுற இடம், ரெண்டாம் உலகப் போர்க்காலத்தில செத்த ஆக்கள அடக்கின இடம். புல்லு வெட்டியிருக்கும், கல்லு நேரா நிக்கும், பூச்செடி இருக்கும். எங்கட நாட்டுக்குள்ள சண்டை நடந்த வருஷங்களில கூட அந்த இடத்தப் பாக்கோணும் எண்ட பொறுப்பு கைவிடப்படல. அதப் பாக்கிறது பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழு, 1917இல தொடங்கினது, பிரிட்டன், கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, இந்தியா எண்டு ஆறு நாட்டு அரசாங்கம் காசு போடுது, ஆர் எவ்வளவு எண்டது அந்தந்த நாட்டுக் கல்லறைக் கணக்கப் பொறுத்தது, பிரிட்டன் மட்டும் முக்காலுக்கு மேல குடுக்குது. ஒவ்வொரு வருஷமும் வரும், அதால தோட்டக்காரனுக்கு நிரந்தர வேலை.

இப்ப அங்க இருந்து டவுனுக்குள்ள வந்து எஸ்பிளனேட் பக்கம் இருக்கிற பழைய பிரிட்டிஷ் சுடலையப் பாருங்க. 1852இல பர்மாவில செத்த ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்டின்ட கல்லறை அங்கதான் இருக்கு, பதவியப் பாத்தா நிலாவெளி ரோட்டில கிடக்கிற சாதாரணச் சிப்பாய விட எவ்வளவோ பெரிய ஆள். ஆனா அந்த ஆணைக்குழு பாக்கிறது ரெண்டு உலகப் போர்க்காலத்தில செத்த ஆக்கள மட்டும், ஒஸ்டின் அதுக்கு அறுபது வருஷத்துக்கு மேல முந்திச் செத்திட்டார், அதால அந்த ஆறு நாட்டுக் காசில ஒரு சதமும் இங்கால வராது. ஒரே ஊர், ஒரே உப்புக்காத்து, ஒரே மழை. வித்தியாசம் பராமரிப்புக்காசு எந்தப் பட்டியலில எழுதப்பட்டிருக்கு எண்டது மட்டும்தான்.

சரி, தனியாருக்கு எப்பிடிக் குடுக்கிறாங்க? அமெரிக்காவில 1966இல ஒரு பெரிய சட்டம் வந்தது, தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம். பிறகு 1976இல அதுக்கு ஒரு நிதியம் வச்சாங்க, காசு எங்க இருந்து எண்டா கடலுக்குள்ள எண்ணெய் எடுக்கிற கொம்பனியள் அரசாங்கத்துக்குக் கட்டுற குத்தகையில இருந்து. ஒரு வளம் கரையுது, அதில ஒரு பங்கால இன்னொரு வளத்தக் காப்பாத்துவம் எண்டது யோசனை. வருஷத்துக்கு 150 மில்லியன் டொலர் வரைக்கும் எடுக்கலாம் எண்டு சட்டம் சொல்லிச்சு, ஆனா கனவருஷம் கொங்கிரஸ் அத முழுசாக் குடுக்கல, ஆக அங்கயும் இந்த இழுபறிதான். (எண்ணெய் எண்ட உடன எங்கட சீனன்குடாத் தாங்கியள் ஞாபகம் வரும், இங்கிலீஷ்காரன் கட்டினது, 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன்ட குண்டுவீச்சப் பாத்தது, அது வருமானமா, அரசியலா எண்டு எல்லாரும் கதைக்கிறாங்க, அதுவும் ஒரு சரித்திரச் சின்னம்தான் எண்டு கதைக்க ஒரு ஆளக் காணல.)

ஆனா அங்க தனியார் கட்டிடத்த அதிகமாக் காப்பாத்தினது அந்த நிதியம் இல்ல, வரிச்சலுகை. பதிவு செய்த பழைய கட்டிடத்த ஒழுங்கா, சொன்ன தரத்தில திருத்தினா, செலவழிச்சதில 20 வீதத்த ஓனர் கட்டவேண்டிய வரியில இருந்து கழிக்கலாம். ரெண்டு கண்டிஷன முக்கியமாக் கவனியுங்க, கட்டிடம் வருமானம் தாற கட்டிடமா இருக்கோணும், கடை, ஹோட்டல், வாடகை வீடு மாதிரி, நீங்க குடியிருக்கிற வீட்டுக்கு இந்தச் சலுகை இல்ல. அதோட வேலை முடிஞ்சு அஞ்சு வருஷத்துக்குள்ள வித்தாலோ கண்டபடி மாத்தினாலோ சலுகையில ஒரு பங்கத் திருப்பிக் கட்டோணும். அரசாங்கம் கையால காசு எடுத்துக் குடுக்கல, வாறத விட்டுக்குடுக்குது, அதுவும் வேலை முடிஞ்ச பிறகு. மோசடி குறைவு. ஆனா வரி கட்டாத ஏழைக்கு இதால ஒரு பிரயோசனமும் இல்ல, கழிக்க வரி இருந்தாத்தானே கழிக்கலாம், எங்கட ஊர்ல பழைய வீட்டில இருக்கிற கனபேர் பென்ஷன்ல வாழுற வயசானவங்க.

நெதர்லாந்தில வேற மாதிரி, 1985இல தொடங்கின ஒரு மறுசீரமைப்பு நிதியம் பழைய வீட்டுக்காரருக்குக் குறைஞ்ச வட்டியில லோன் குடுக்குது, அவர் திருப்பிக் கட்டுற காசு அடுத்த வீட்டுக்குப் போகுது. பிரிட்டன்ல 1994இல தேசிய லொத்தர் தொடங்கினதில இருந்து டிக்கெட் காசில ஒரு பங்கு மரபுச் சொத்துக்கு எண்டு ஒதுக்குறாங்க. எங்கட நாட்டுக்கு எது சரிவரும் எண்டு கேட்டா நான் லோன் பக்கம்தான் நிப்பன். இலவசமா ஒரு தரம் கிடைச்ச காசு ஒரு வீட்டோட முடிஞ்சிடும், சுழலுற காசு மெதுவா எண்டாலும் தெரு முழுக்கப் போகும். எங்கட சனத்துக்குச் சீட்டுக் கட்டிப் பழக்கம், இதெல்லாம் சொல்லிக் குடுக்கத் தேவையில்ல.

காலியப் பத்தியும் ரெண்டு வார்த்தை. 1988இல காலிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலுக்குப் போச்சு, 1994இல காலி மரபுரிமை மன்றம் எண்டு தனிச் சட்டம் போட்டாங்க, வெளிநாட்டு உதவியில தனியார் வீடுகளத் திருத்தின திட்டமும் நடந்தது. வீடுகள் வடிவா நிக்குது, உண்மை. ஆனா காணி விலை ஏறி, கனவீடு ஹோட்டலாவும் கடையாவும் மாறி, பரம்பரையா இருந்த ஆக்கள் வித்துப்போட்டு வெளியால போனதும் உண்மை. கட்டிடத்துக்குக் காசு குடுக்கேக்க அதுக்குள்ள இருக்கிற ஆக்களப் பத்தி யோசிக்காட்டி இதுதான் நடக்கும். எங்கட கடக்கரைப் பக்கத்துக்கும் இது வராது எண்டு நினைக்காதீங்க.

காசு தாறவன் ஏன் இவ்வளவு கண்டிஷன் போடுறான் எண்டு சிலர் எரிச்சல்படுவாங்க, "காசத் தந்தாச் சரி, மேசனுக்குத் தெரியாதா?" எண்டு. அதுதான் பிரச்சினை, கனமேசனுக்குத் தெரியாது. பழைய சுவர் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், அது ஈரத்த உறிஞ்சும், வெயிலுக்கு வெளியால விடும். அதுக்கு மேல சீமெந்து பூசினா மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வெயில்ல நடக்கிற மாதிரி, உள்ளுக்க வேர்த்துக்கொண்டே இருக்கும், கடல் பக்கத்துச் சுவர்ல உப்பு உள்ளுக்கயே நிண்டு பூத்து கல்லத் தின்னும், ரெண்டு மூண்டு மாரியில பூச்சு பாளம் பாளமா விழும், விழேக்க பழைய கல்லையும் கொண்டு விழும். நல்லெண்ணத்தில செய்த ரிப்பெயர் வீட்டக் கொல்லுறது இப்பிடித்தான். அதால எந்த நாட்டிலயும் பொதுக்காசு தாறதுக்கு முந்திக் கேக்கிறது என்ன சாமானால திருத்தப்போறீங்க, ஆர் செய்யப்போறார், முந்தி இருந்த மாதிரி போட்டோ இருக்கா எண்டுதான். சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச மேசன் இல்லாட்டி காசு இருந்தும் வேலை இல்ல, ஆகவே நல்ல திட்டம் எண்டா ஒரு பங்கு காசு பொடியங்களுக்கு அந்தத் தொழிலப் பழக்கிறதுக்கும் போகோணும்.

கோயில்களில நடக்கிறதயும் சொல்லோணும், ஆருக்கும் கோவம் வந்தா வரட்டும். கோணேசர் கோயில 1963 கும்பாபிஷேகத்துக்குக் கட்டி எழுப்பினது சனத்திட காசு. இண்டைக்கும் திருப்பணி எண்டா வெளிநாட்டில இருக்கிற பிள்ளையள் அனுப்புறாங்க, இந்து சமய கலாசாரத் திணைக்களம் கொஞ்சம் குடுக்கும், எம்பிமார்ட பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலயும் வரும். காசு குறைவே இல்ல எண்டு சொல்லலாம். ஆனா அது பெரும்பாலும் புதுசாக் கட்டத்தான் போகுது, பழைய சுண்ணாம்பு மண்டபத்த உடைச்சுப்போட்டு கொங்கிறீட் போட்டு டைல்ஸ் ஒட்டுறாங்க, உபயகாரர்ட பேர் கல்லில வரும். பழசத் திருத்தினா பேர் போட இடமில்ல, அதான் ஆரும் முன்வாறதில்ல. பொதுக்காசு குடுக்கிற திணைக்களம் எழுபத்தஞ்சு, நூறு வருஷம் போன மண்டபத்த உடைக்கிறதுக்குக் காசு தரமாட்டம், திருத்துறதுக்கு மட்டும்தான் எண்டு ஒரு வரி சேர்த்தாலே நிலமை மாறும்.

இன்னொரு விஷயத்தச் சொல்லாம இந்தக் கதை கிழக்கில முடியாது. இங்க தொல்பொருள் எண்ட சொல்லக் கேட்டா சனத்துக்குக் காசு ஞாபகம் வாறதில்ல, காணி போயிடும் எண்ட பயம்தான் வரும். கன்னியா வெந்நீர்க் கிணறு இருக்கிற இடத்திட உரிமைப் பிரச்சினை 2019இல கோட்டுக்குப் போச்சு. 2020 ஜூன்ல கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கு எண்டு ஜனாதிபதி செயலணி போட்டாங்க, பாதுகாப்புச் செயலாளர் தலைமையில, சனத்தொகையில பெரும்பான்மை தமிழரும் முஸ்லிம்களும் இருக்கிற மாகாணத்துக்கு முதல் போட்ட லிஸ்டில ஒரு தமிழரும் இல்ல, ஒரு முஸ்லிமும் இல்ல. இவ்வளவுக்கும் வெல்கம் விகாரையில, எங்கட ஆக்கள் நாதனார் கோயில் எண்டு சொல்லுற இடத்தில, ராஜராஜப் பெரும்பள்ளி எண்ட பேரோட சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கு, பௌத்தமும் தமிழும் ஒரே கல்லில கிடக்கு, அதப் பிரிச்சுப் பாக்கத் தேவையே இல்ல. ஆனா நம்பிக்கை இல்லாத இடத்தில ஒரு வீட்டுக்காரன் தானாப் போய் "என்ட வீடு நூறு வருஷத்துக்கு மேல" எண்டு சொல்லுவானா? மாட்டான், இரவோட இரவா ஓட்டக் கழட்டி ஷீட் போட்டிடுவான். காசுத் திட்டம் எவ்வளவு நல்லா எழுதினாலும் விண்ணப்பம் போட ஆள் வராட்டி அது பேப்பர்லதான் இருக்கும்.

இப்ப உங்களிட்ட ஒரு பழைய வீடு இருக்கு, நீங்க என்ன செய்யலாம்? உறுதிப் பிரச்சினைய முதல்ல முடியுங்க. ஏழு சகோதரம், நாலு பேர் கனடாவில, ரெண்டு பேர் கதைக்கிறதில்ல எண்டு கிடந்தா எந்த நிதியமும் கிட்ட வராது, எந்த நாட்டிலயும் வராது, ஓனர் ஆர் எண்டு தெளிவில்லாத சொத்துக்கு ஆரும் காசு போடமாட்டாங்க. பிறகு போனால போட்டோ எடுங்க, கூரை மரம், கதவுப் பூட்டு, சுவர் வெடிப்பு, தரைக்கல்லு எல்லாம், திகதியோட. வீட்டில பழைய வரித் துண்டு, பிளான், கலியாணப் போட்டோவில பின்னால தெரியிற விறாந்தை இருந்தா அதையும் ஸ்கேன் பண்ணி வையுங்க, நூறு வருஷம் எண்டதக் காட்ட அதுதான் உதவும். கட்டிடம் ஏற்கனவே வர்த்தமானியில இருந்தா எதையும் தொட முந்தி திணைக்களத்துக்குக் கடிதம் போடுங்க, கடிதத்திட கொப்பி ஒண்டக் கட்டாயம் வச்சிருங்க, டெலிபோன்ல கேட்டுட்டு வேலை தொடங்காதீங்க.

காசு வாற வரைக்கும் கூரையப் பாருங்க. பழைய வீடு விழுறது தொண்ணூறு வீதம் மேல இருந்து வாற தண்ணியாலதான் எண்டு எங்கட பக்கத்துத் தச்சாசாரிமார் சொல்லுவாங்க, கணக்கு சரியோ பிழையோ ஆனா விஷயம் சரி. ஐப்பசி பிறக்க முந்தி ஏணி வச்சு ஏறி வெடிச்ச ஓட்ட மாத்தி, பீலிக்குள்ள அடைஞ்ச வேப்பஞ்சருக அள்ளிப்போடுங்க, சுவர்ல ஆலங்கண்டு முளைச்சிருந்தா வெட்டாதீங்க, வேரோட பிடுங்கோணும், வெட்டினா அது கோவத்தில ரெண்டு மடங்கா வரும். இதுக்கு ஒரு அமைச்சும் வேண்டாம், ரெண்டு நாள் கூலிதான்.